வடமராட்சி நீரேரியின் நீர்மட்டத்தைப் பறவைகளையும் கருத்திற்கொண்டு பேணுமாறு கோரும் மனு

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

பொருள்: தொண்டைமானாறு தடுப்பணைக் கதவுகளைத் திறந்து மூடும் ஒழுங்கு

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத எமது குடாநாட்டில், கடலோடு கலந்துகிடந்த வடமராட்சி நீரேரியின் வாயைத் தொண்டைமானாற்றில் தடுப்பணையால் அடைத்து, மாரிமழையைத் தேக்கி, உவரைப் படிப்படியாகக் கழுவி நன்னீராக்கும் முயற்சி ஏறத்தாழ 70 ஆண்டுகளாக நடந்து வருகிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தின் ஓர் அங்கம் இது. கரணவாய் உப்பை மரக்கலத்தில் ஏற்றுவதற்காகத் தொண்டைமான் என்ற சோழப் படைத்தலைவன் வெட்டுவித்தது என்று ஊரார் சொல்லும் அதே வாயை, இன்று உப்பு உள்ளே வராதிருக்க நாம் மூடுகிறோம். எமது கிணறுகள் சுண்ணக்கல்லில் ஊறும் மழைநீரையே நம்பியிருப்பதால், அந்த நோக்கத்தில் எமக்கு மாற்றுக்கருத்து இல்லை.

எமது கவலை கதவுகளைப் பற்றியது. கரவெட்டியில் வசிக்கும் நான் பல ஆண்டுகளாக மாரி முழுவதும் இந்நீரேரியைக் கடக்கும் வல்லைப் பாலத்தடியில் காலையில் நின்று பறவைகளைப் பார்த்து வருகிறேன். ஐப்பசி மழையோடு ஊசிவால் வாத்துகளும் நாமத்தலை வாத்துகளும் வடக்கேயிருந்து வந்து இறங்கும். கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தி மீனை மடக்கும். நீர் வற்றும் கரையில் கருவால் மூக்கன்கள் நீண்ட அலகைக் கண்வரை சேற்றில் புதைத்து இரை எடுக்கும். சென்ற மார்கழியில் வெள்ளம் வடியக் கதவுகள் திறக்கப்பட்டு நீர் ஒரு முழம் இறங்கிய மறுநாளே, வாத்துகள் இருந்த இடம் வெறுமையாகி, அவ்விடத்துச் சேற்றில் மூக்கன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு முழ நீர் எந்தப் பறவை தங்கும், எது போகும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

நீரேரி நன்னீரானால் பறவைகள் அற்றுப்போகும் என்று சிலர் சொல்வது முழு உண்மையன்று. வாத்துகளும் நீர்க்கோழிகளும் பெருகக்கூடும். ஆனால் உவர்நீரின் சிற்றுயிர்களை வடித்துண்ணும் பூநாரைக்கு அது பொருந்தாது. 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் தலமாக (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட, தென்கரையிலுள்ள பூந்தலவில், பாசன வடிநீர் வந்து சேர்ந்து எம்பிலிக்கல, மலல களப்புகளின் உவர் குறைந்தபின் பூநாரைகள் அருகிப்போனதை நாம் மறந்துவிடலாகாது. தடுப்பணையை முற்றாக மூடி வைப்பது இறால் பிடித்துச் சீவிக்கும் கடற்றொழிலாளரையும் பாதிக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

ஆகவே, கதவுகளைத் திறப்பதும் மூடுவதும் வெள்ளத்தையும் வயலையும் மட்டும் பார்த்து முடிவாகாமல், நீர்ப்பாசன அதிகாரிகள், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், கமக்கார அமைப்புகள், கடற்றொழிலாளர் சங்கங்கள் ஆகியோர் கூடிப் பேசி முடிவெடுக்கும் ஒழுங்கொன்றைத் தங்கள் தலைமையில் ஏற்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். வெள்ள அபாயம் இல்லாத நாட்களில், கார்த்திகை முதல் பங்குனி வரை நீரைச் சடுதியாக இறக்காமல் சிறிது சிறிதாக வடியவிட்டால், ஆழமான நடுப்பகுதியும் முழங்காலளவு ஓரமும் ஒருசேரக் கிடைக்கும். வல்லைப் பாலத்தில் அளவுகோல் ஒன்றை நட்டு, நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மாதந்தோறும் பதிவுசெய்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அப்பதிவை எடுத்துத் தர எமது ஊர் மாணவரும் முன்வந்துள்ளனர். வல்லை வெளியில் இரவில் கொண்டுவந்து கொட்டப்படும் குப்பையை நிறுத்தவும் உத்தரவிட வேண்டுகிறோம்.

இம்மாரிக்குக் கதவுகள் மூடப்படுவதற்கு முன்னர் முதற்கூட்டத்தைக் கூட்டி, அதன் திகதியை எமக்கு அறியத்தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்மக்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கரவெட்டி.