நீலத்தாள் பொட்டலம்

எல்லோருக்கும் வணக்கம்.

தலையில் ஆபரேஷன் முடிந்து எங்கள் சின்னவன், தம்பி, வீட்டுக்கு வந்துவிட்டான். இதை எழுதும்போது பக்கத்தில் தூளியில் தூங்குகிறான். நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை, கூட இருந்து பார்த்தவர்கள் நீங்கள். ஒன்று மட்டும். கட்டி என்றதும் புற்றுநோய் என்று நினைத்துப் போனில் அழுத சித்திகளுக்கு: இது அந்தக் கட்டி இல்லை. மூளையைச் சுற்றியிருக்கும் நீர் மெல்லிய சவ்வுக்குள் தேங்கிப் பையாகிவிட்டது. அரக்னாய்டு நீர்க்கட்டி என்கிறார்கள். பை பெருத்து நீர் போகும் வழியை அடைத்தது, அதனால் தலை பெருத்தது. அவ்வளவுதான். (அவ்வளவுதான் என்று எழுத இன்றைக்குத்தான் தைரியம் வந்தது.)

நன்றி சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் முதலில் நான் சொல்ல நினைப்பது அந்த வார்டு ஆயாம்மாவுக்கு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், தலைமுடியை எடுக்க வேண்டும் என்றார்கள். ஏழு மாதப் பிறந்த முடி. அய்யனாருக்கு நேர்ந்தது, தாய்மாமன் மடியில் வைத்து எடுக்க வேண்டியது. ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று நான் வாயே திறக்கவில்லை. உயிர் பெரிதா முடி பெரிதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அத்தை வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மெஷினோடு வந்த ஆயாம்மா தம்பியின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "முதல் மொட்டையாம்மா? எந்த சாமிக்கு?"

"அய்யனாருக்கு. சிவகங்கைப் பக்கம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார், ஏதோ கணக்குப் போட்டார், தம்பியை என் மடியோடு அந்தப் பக்கம் திருப்பி உட்காரச் சொன்னார். அது கடல் பக்கம். எங்கள் அய்யனார் தெற்கே 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறார். நான் திருத்தவில்லை. நெற்றிக்கு மேலே, இரண்டு காதோரம் என்று மூன்று இடத்தில் கத்தரிக்கோலால் பூமுடி எடுத்தார். பஞ்சு சுற்றி வரும் நீலத்தாளில் அதை வைத்தார். அப்புறம்தான் மெஷினை எடுத்தார். விழுந்த முடியையும் தரையில் விடாமல் கூட்டி எடுத்து, அதே தாளில் மடித்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி என் பெயரையும் படுக்கை எண்ணையும் எழுதினார். நேரே போய் அத்தை கையில் கொடுத்தார். "மாமன் மடியில வெச்சே சாமிக்குக் குடுங்க. ஒண்ணும் குறையாது."

அத்தை அப்போதுதான் அழுதார். என் வீட்டுக்காரர் 200 ரூபாயை நீட்டினார். ஆயாம்மா வாங்கவில்லை. "புள்ள வெளிய வரட்டும் சார்" என்று அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

டாக்டருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஸ்கேன் உறையின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். உச்சிக்குழி இன்னும் மூடவில்லை, அதன் ஓரமாகவே பேனாவைவிட மெல்லிய எண்டோஸ்கோப் என்ற கேமராக் கருவியை விடலாம்; பையின் மேல்சுவரில் ஒன்று, அடிச்சுவரில் ஒன்று என்று இரண்டு ஜன்னல் திறந்துவிட்டால் நீர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும் என்றார். அதற்குப் பதில் நீரை வடிக்கத் தலையிலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் ஷன்ட் குழாய் வைத்தால் அது அடைத்துக்கொள்ளலாம், கிருமி தொற்றலாம். ஜன்னல் மூடிக்கொண்டால் திரும்பச் செய்ய வேண்டிவரும், குழாயே தேவைப்படலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதனால்தான் அவரை நம்பினேன்.

இதைப் போலவே 1923இல் பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர் என்ற டாக்டர், சிறுநீர்ப் பாதையைப் பார்க்கும் கருவியை ஒரு குழந்தையின் தலைக்குள் விட்டு, தேங்கிய நீருக்கு வழி திறந்தாராம். அந்தக் குழந்தைக்கு 9 மாதம். தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அந்தக் குழந்தையின் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்காவது படம் போட்டுக் காட்ட ஆள் இருந்தது.

பெரிய தலை குடும்ப வாகு என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பிய இடமும் உண்டு. அதை விடுங்கள். ஊரில் நர்சம்மா விடவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் மாதம் அரை சென்டிமீட்டர்தான் தலை வளரணும், இது ஒரே மாதத்தில் இரண்டு வளர்ந்திருக்கிறது என்று டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே எங்களைப் பஸ் ஏற்றினார். மயக்க மருந்து கொடுத்த டாக்டர், ரத்தம் கொடுத்த, என் கூடப்பிறந்த தம்பியின் நண்பர்கள், காப்பீட்டு அட்டைக்கு அலைந்த மாமா, பெரியவளைப் பள்ளிக்கு அனுப்பிய எதிர்வீட்டு அக்கா, காசு வாங்காமல் வெந்நீர் நிரப்பிக் கொடுத்த டீக்கடை அண்ணன், எல்லோருக்கும் நன்றி. விட்டுப்போன பெயர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இன்னும் சரியாகத் தூக்கமில்லை.

இனிமேல் பச்சைக்குழந்தை இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் என் பையில் டேப் இருக்கும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

நீலத்தாள் பொட்டலம் அரிசிப் பானைக்கு மேல் சாமி மாடத்தில் இருக்கிறது. அந்த 200 ரூபாயையும் அத்தை அதோடு மஞ்சள் துணியில் முடிந்துவிட்டார். பங்குனி உத்திரத்துக்குக் கோயிலுக்குப் போகிறோம். தம்பிக்கு முடி இப்போதுதான் முளைக்கிறது, தழும்பு இருக்கிற இடம் மட்டும் இன்னும் வழவழவென்று இருக்கிறது. தலையில் கத்தி வைக்க மாட்டோம். மாமன் மடியில் உட்காரவைத்து, பொட்டலத்தை அவன் கையிலேயே கொடுக்கப் போகிறோம். பிளாஸ்திரியை மட்டும் நான் பிரித்து எடுத்து வைத்துக்கொள்வேன்.