எங்கள் மோட்டார் கடையின் கூகுள் பக்கத்தையும் விளம்பரக் கணக்கையும் திருப்பித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் (கருகிய கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றும்) கடை வைத்திருக்கிறேன், கூடவே பம்பு விற்பனையும் உண்டு. கடையின் கூகுள் பக்கத்தையும் விளம்பரத்தையும் பார்த்துக்கொள்ள உங்கள் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியிடம் ஆறு மாத ஒப்பந்தம் போட்டு, மாதம் 20,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 23,600 கட்டி வந்தவன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. போன் செய்தால் "உங்க அக்கவுண்ட் மேனேஜர் மாறிட்டார் சார்" என்று புதிதாக ஒருவர் எடுக்கிறார், அவருக்கு ஆதியிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி அனுப்புகிறேன். இனி யார் மாறினாலும் இதைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

முதலில் அவசரமானது. எங்கள் கடை இன்று கூகுள் மேப்பில் இல்லை. ஏப்ரல் மாதம், கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் காற்று இழுத்துக் கருகுகிற நேரம், வோல்டேஜ் குறைந்து காயில் புகைகிற நேரம், எங்களுக்கு வருடத்தின் பாதி வேலை வருகிற நேரம், அப்போது பார்த்துப் பக்கம் முடக்கப்பட்டது. காரணம் நீங்கள்தான். கடை போர்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறதோ அதுதான் கூகுள் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடைப் பெயரோடு "பெஸ்ட் மோட்டார் ரீவைண்டிங் சப்மெர்சிபிள் பம்ப் சர்வீஸ் இன் கோயம்புத்தூர்" என்று ஒரு ரயில் வண்டியை இழுத்துக் கட்டினீர்கள். அது போதாதென்று திருப்பூரிலும் பொள்ளாச்சியிலும் எங்களுக்குக் கிளை இருப்பதாக இரண்டு பக்கம் திறந்தீர்கள். கிளையா? எனக்கு இருப்பது ஒரு ஷட்டர் கடை, நானும் இரண்டு ஆட்களும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி அந்த விலாசத்தைத் தேடி டெம்போவில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போய், அங்கே ஏதோ ஒரு துணிக்கடை இருப்பதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

திறந்திருக்கும் நேரத்தையும் 24 மணி நேரம் என்று மாற்றி வைத்திருந்தீர்கள். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் "அண்ணா, கடைக்கு வெளியே நிக்கறேன்" என்கிறார். நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்துகிறேன்?

பக்கம் முடங்கிய பிறகு அப்பீல் போட்டதாகச் சொன்னீர்கள். அந்தப் படிவத்தைத் திறந்தால் ஆதாரங்களை ஏற்ற ஒரு மணி நேரம்தான் தருவார்கள், அதனால் ஜி.எஸ்.டி. சான்றிதழ், கரண்ட் பில் எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டுதான் அதில் கை வைக்க வேண்டும். என்னிடம் எந்தக் காகிதமும் நீங்கள் கேட்கவே இல்லை. எதைக் காட்டி அப்பீல் செய்தீர்கள்? நிராகரித்துவிட்டார்கள் என்று ஒரு வரி மெசேஜ் மட்டும் வந்தது. கடை போர்டின் படம், சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ் உட்பட எல்லாம் என்னிடம் தயாராக இருக்கிறது. நானே போட்டுக்கொள்வேன். ஆனால் பக்கத்தின் முதன்மை உரிமையாளராக இருப்பது உங்கள் நிறுவனத்தின் ஈமெயில். என் கடைக்கு நான் வெறும் மேனேஜராம்!

இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குப் புரிகிறதா என்று தெரியவில்லை. முன்பெல்லாம் போர்வெல் வண்டிக்காரர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று ஆட்கள் வழியாகத்தான் எங்களுக்கு வேலை வரும். இப்போது அன்னூரில், சூலூரில், தொண்டாமுத்தூரில் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டிலும் மகனோ மருமகளோ போனை எடுத்து, "மோட்டார் காயில் கட்டும் கடை" என்று வாயால் சொல்லியே தேடிவிடுகிறார்கள். வெப்சைட்டுக்குள் யாரும் போவதில்லை. மேப்பில் நட்சத்திரம் எத்தனை, போட்டோ எப்படி இருக்கிறது, இப்போது கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அங்கேயே போன் பட்டனை அழுத்துகிறார்கள். எங்கள் தொழிலுக்கு ஆன்லைன் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்கு கூகுள் ஒரு பைசா வாங்குவதில்லை. இலவசமாகக் கிடைப்பதை "லோக்கல் எஸ்.இ.ஓ. பேக்கேஜ்", அதாவது உள்ளூர்த் தேடலில் கடையை முன்னால் கொண்டுவரும் வேலை, என்று பெயர் வைத்து விற்றீர்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதற்குக் கூலி வாங்குகிறீர்கள், சரி, அதில் எனக்கு வருத்தமில்லை. பார்த்துக்கொள்ளாமல் கெடுத்ததற்கும் சேர்த்து வாங்கியதில்தான் வருத்தம்.

அடுத்தது விளம்பரம். ஒப்பந்தத்துக்கு முன் உங்கள் சேல்ஸ் தம்பி எழுத்தில் கொடுத்த கணக்கு: 20,000 ரூபாயில் 15,000 கூகுளுக்கு, 5,000 உங்கள் சர்வீஸ். அந்த மெசேஜ் என்னிடம் இருக்கிறது. மாதா மாதம் கலர் கலராக ஒரு பி.டி.எஃப். வரும், அதில் மூன்று லட்சம் இம்ப்ரஷன் (விளம்பரம் திரையில் தோன்றிய எண்ணிக்கை), இவ்வளவு ரீச் (எத்தனை பேரை எட்டியது) என்று பச்சை அம்பு மேலே ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு செலவானது, யார் என்ன தேடி உள்ளே வந்தார்கள் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது. நான் விடாமல் கேட்டதால் கணக்கைப் பார்க்க மட்டும் எனக்கு அனுமதி கொடுத்தீர்கள், சில நாளில் அதையும் எடுத்துவிட்டீர்கள். அந்தச் சில நாளில் என் அண்ணன் மகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டாள். அவள் பெங்களூரில் இதே வேலையில் இருக்கிறாள், உங்கள் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அதில் தெரிந்தது இது. ஒரு மாதத்தில் கூகுளுக்குப் போனது ஆறாயிரத்துச் சொச்சம். விளம்பரத்துக்கான 15,000இல் மீதி எட்டாயிரத்துச் சொச்சம் எங்கே?

அந்த ஆறாயிரமாவது உருப்படியாகப் போனதா என்றால் அதுவும் இல்லை. எந்த வார்த்தையைத் தேடினால் விளம்பரம் வர வேண்டும் என்று குறிக்கும் கீவேர்டாக "மோட்டார்", "பம்ப்" என்று ஆங்கிலத்தில் ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் போட்டு, பிராட் மேட்ச் என்ற அகலத் திறந்த வகையில் விட்டிருக்கிறீர்கள். அப்படி விட்டால் கூகுள் அந்த வார்த்தைக்கு ஏதோ ஒரு வகையில் சம்பந்தம் என்று தனக்குத் தோன்றும் தேடலுக்கெல்லாம் விளம்பரத்தைக் காட்டும். யார் யார் கிளிக் செய்திருக்கிறார்கள் என்று தேடல் பட்டியலில் பார்த்தால், பெட்ரோல் பம்ப் தேடியவர், மோட்டார் வாகன வரி தேடியவர், ஒரு மோட்டார் கம்பெனியின் ஷேர் விலை தேடியவர், அப்புறம் பிறந்த குழந்தைக்குப் பால் எடுத்து வைக்கும் பிரெஸ்ட் பம்ப் தேடிய தாய்மார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் தொட்டதற்கு என் பணம் போயிருக்கிறது. வேண்டாத வார்த்தைகளை நெகட்டிவ் கீவேர்டாகப் போட்டுத் தடுக்கலாம், அதற்கென்றே அந்தக் கணக்கில் இடம் இருக்கிறது. எங்கள் கணக்கில் அந்தப் பட்டியல் காலி, ஒரு வார்த்தைகூட இல்லை. தமிழில் ஒரு கீவேர்டு இல்லை. "காயில்" என்ற சொல்லே எங்கும் இல்லை. எங்கள் ஊரில் ரீவைண்டிங் என்று சொல்பவர்களைவிட காயில் கட்டணும் என்று சொல்பவர்கள்தான் அதிகம் என்பதை என் கடைக்கு வந்து ஒரு டீ குடிக்கும் நேரம் உட்கார்ந்திருந்தாலே தெரிந்துகொண்டிருப்பீர்கள். யாரும் வரவில்லை.

ஊர் விஷயம் அதைவிட மோசம். கோவை என்று இடம் குறித்திருக்கிறீர்கள், ஆனால் அதற்குக் கீழே உள்ள அமைப்பைத் தொடவே இல்லை. தொடாமல் விட்டால் கோவையில் இருப்பவர்களோடு, கோவை மேல் ஆர்வம் காட்டுகிற வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரம் போகும். வேறு ஊராக இருந்தால் இதில் பெரிய சேதம் இருந்திருக்காது. இது கோயம்புத்தூர், நாடு முழுக்கப் பம்புக்குப் பெயர் போன ஊர். உத்தரப் பிரதேசத்தில், ராஜஸ்தானில் பம்பு வியாபாரம் செய்பவர்கள் மொத்த விலைக்குத் தேடும்போது கோயம்புத்தூர் என்று சேர்த்துத்தான் அடிப்பார்கள். அவர்களெல்லாம் எனக்கு இந்தியில் போன் செய்து ஐந்து எச்.பி. சப்மெர்சிபிள் நூறு பீஸ் என்ன ரேட் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த இந்தி "நஹி" ஒன்றுதான். உங்கள் ரிப்போர்ட்டில் இந்தப் போன்களெல்லாம் "தரமான லீடு", அதாவது வாடிக்கையாளராக வரக்கூடியவர்கள், என்ற தலைப்பில் இருக்கின்றன.

தேடல் விளம்பரத்தோடு, மற்ற வெப்சைட்டுகளிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க்கையும் டிக் எடுக்காமல் விட்டதால் குழந்தைகள் விளையாடும் கேம் ஆப்களிலும் எங்கள் விளம்பரம் ஓடியிருக்கிறது. மூன்று லட்சம் இம்ப்ரஷனில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

முப்பது நாளில் முதலிடம் என்று உத்தரவாதம் கொடுத்தீர்கள். கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. முதலிடம் வந்துவிட்டது என்று நிரூபிக்க உங்கள் சேல்ஸ் தம்பி நேரில் வந்தார், வந்தவர் என் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு தேடிக் காட்டினார். தேடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதை முன்னால் காட்டுவதுதான் மேப்பின் வழக்கம். கடைக்குள் உட்கார்ந்து தேடினால் என் கடை வராமல் வேறு எது வரும்? சரவணம்பட்டி தாண்டித் தேடிப் பார்க்கச் சொன்னேன், அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

ரிவ்யூ பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே வாரத்தில் நாற்பதுக்கு மேல் ஐந்து நட்சத்திர ரிவ்யூ வந்து விழுந்தது. "சூழல் மிக அருமை, குடும்பத்தோடு செல்லலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், இன்சுலேஷன் வார்னிஷ் நாற்றத்தில் குடும்பத்தோடு உட்கார எங்கள் கடையில் என்ன இருக்கிறது? அப்படி எழுதியவர்களின் பெயரை அழுத்திப் பார்த்தால் அதே வாரம் குருகிராமில் ஒரு பியூட்டி பார்லர், கொல்கத்தாவில் ஒரு பல் டாக்டர் என்று ஊர் ஊராகப் பாராட்டியிருக்கிறார்கள். போலி ரிவ்யூ கூகுள் விதிப்படி தவறு. ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலையே கொண்டுவந்திருக்கிறது. எனக்கு உண்மையாக எழுதிக் கொடுத்த வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், மோட்டாரோடு நின்று போட்டோ எடுத்துப் போட்டவர்கள். அவர்கள் எழுதியதையும் இந்தக் குப்பையோடு சேர்த்து இப்போது யாரும் பார்க்க முடியாதபடி செய்துவிட்டீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சென்ற வாரம் உங்களிடமிருந்து ரினியூவல் மெயில் வருகிறது. இப்போது எல்லோரும் ஏ.ஐ.யில்தான் தேடுகிறார்களாம், கூகுளின் ஏ.ஐ. பதிலில் எங்கள் கடையை வர வைக்க மாதம் 8,000 ரூபாய் கூடுதலாம். அந்த ஏ.ஐ. பதிலில் வருவதற்கென்று தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை, சாதாரணத் தேடலுக்குச் செய்வதே போதும் என்று கூகுள் சொல்கிறது. மேப்பிலேயே இல்லாத கடையை ஏ.ஐ.யில் எப்படி வர வைப்பீர்கள்? 2024 மார்ச்சில் கூகுள் தன் இலவச ஒற்றைப் பக்க வெப்சைட்டுகளை நிறுத்தியபோது எங்கள் பக்கமும் போனது, அதைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் உங்கள் ஆள் முதலில் கடைக்குள் வந்தார். எது புதிதாக மாறினாலும் அதை வைத்து ஒரு பில் போடுவது உங்கள் தொழில்முறை என்று இப்போது தெரிகிறது.

எனக்கு வேண்டியவை இவை. கூகுள் பக்கத்தின் முதன்மை உரிமையை என் ஈமெயிலுக்கு மாற்றிக் கொடுங்கள், உங்கள் ஆட்கள் எல்லோரும் அதிலிருந்து வெளியேறுங்கள், போலிக் கிளைகளை நீக்குங்கள். விளம்பரக் கணக்கின் எண்ணைக் கொடுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் எண்ணைத் தர வேண்டும், செலவு, கிளிக், இம்ப்ரஷன் மூன்றையும் மாதாமாதம் காட்ட வேண்டும் என்பது ஏஜென்சிகளுக்கு கூகுள் போட்டிருக்கும் விதி, இதில் உங்கள் தயவு எதுவும் இல்லை. வெப்சைட்டின் முகவரியான டொமைனை உங்கள் பெயரில் பதிந்திருக்கிறீர்கள், அதை என் பெயருக்கு மாற்ற வேண்டும். விளம்பரத்துக்கு என்று வாங்கி கூகுளுக்குக் கட்டாமல் வைத்துக்கொண்ட தொகையை, ஒவ்வொரு மாதத்துக்கும் கூகுளின் உண்மையான பில்லோடு கணக்குக் காட்டி, அதற்கு வாங்கிய ஜி.எஸ்.டி.யோடு திருப்பித் தர வேண்டும். ரினியூவல் கிடையாது.

வரும் 20ஆம் தேதிக்குள் இது நடக்காவிட்டால் கூகுளில் ஏஜென்சிகள் மேல் புகார் கொடுக்கும் படிவத்தை நிரப்புவேன், 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதிவேன். "நீங்க கடைக்காரர், நுகர்வோர் கிடையாது" என்று உங்கள் ஆள் போனில் சட்டம் பேசினார். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காகப் பொருள் வாங்குபவரும் நுகர்வோர்தான் என்று இருக்கிறது, அவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட், மெசேஜ், பில் எல்லாவற்றின் நகலும் இணைத்திருக்கிறேன்.

போன் செய்வதானால் மதியம் இரண்டு மணிக்கு மேல் செய்யுங்கள், காலையில் வைண்டிங் வேலையில் இருப்பேன், எடுக்க முடியாது. பேசுகிறவர் என் விளம்பரக் கணக்கு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்