ஃபினிஷ் லைனுக்கு அப்புறமும் நாலு வரி எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க,

போன இதழ்ல மாரத்தானுக்கு எப்படி ரெடியாகறதுன்னு நாலு பக்கம் போட்டிருந்தீங்க, ஷூ வாங்கறதுல இருந்து வாரத்துக்கு எத்தன கிலோமீட்டர் ஓடணுங்கற வரைக்கும் எல்லாமே இருந்துச்சு, படிக்க நல்லா இருந்துச்சுங்க. ஆனா ஓடி முடிச்ச ஆளு அடுத்த ஒரு மணி நேரம் என்ன பண்ணணும்னு அதுல ஒரு வரி கூட இல்ல. மெடல் போட்டுட்டு சிரிக்கற போட்டோவோட கட்டுரை முடிஞ்சுருச்சு. எனக்கு அந்த போட்டோவுக்கு அப்புறந்தான் ஆபத்தே வந்துச்சு, அதனாலதான் எழுதறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைங்க. கேரளாதான், ஆனா வீட்லயும் கடைலயும் எங்களுக்குத் தமிழ்தான். வயசு 41, பால் சொசைட்டில வேலை. பால் ஊத்தறவங்க வர்றதுக்கு முன்னாடி நாலு மணிக்கே எந்திரிச்சு தென்னந்தோப்பு ரோட்ல ஓடி ஓடிப் பழகி, போன வருஷம் கடலோரத்துல ஒரு ஊர்ல ஃபுல் மாரத்தான் ஓடுனேன். 42.195 கிலோமீட்டர், 5 மணி 40 நிமிஷம்.

வெயில் ஏறுனதும் பயம் வந்துருச்சுங்க. தாகம் இருக்கோ இல்லையோ ஒவ்வொரு வாட்டர் பாயிண்ட்லயும் ரெண்டு கப் குடிச்சுட்டே வந்தேன். 30 கிலோமீட்டருக்கு மேல உப்பு போட்ட டிரிங்க் எல்லாம் தீர்ந்துபோச்சு, மெதுவா வர்றவங்களுக்கு வெறும் தண்ணிதான் மிச்சம். லைனத் தாண்டி மெடல் வாங்குனதும் அப்படியே நின்னுட்டேன், கண்ணு இருட்டிருச்சு. அங்கிருந்த ஒரு பொண்ணு “அக்கா நிக்காதீங்க, மெதுவா நடந்துட்டே இருங்க”ன்னு கையப் புடிச்சா. அப்பதான் பாத்தேன், வெரலெல்லாம் வீங்கி மோதிரம் சதைக்குள்ள பதிஞ்சு கெடக்குது, திருப்பக்கூட முடியல. மண்டை வலி, கொமட்டல். மெடிக்கல் டெண்ட்ல படுக்க வெச்சு கால தூக்கி வெச்சாங்க, அந்த நர்ஸ் அக்கா கேட்ட மொத கேள்வி “எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?” நான் இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்கன்னு கேக்கறேன், அவங்க தரவே இல்ல. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு நல்லா உப்பு தூக்கலா சூப்புதான் குடுத்தாங்க.

அவங்க சொல்லித்தான் எனக்கு வெவரம் தெரிஞ்சுது. ஓடிட்டிருக்கறப்ப கால் சதைதான் ரத்தத்த மேல தள்ளிட்டு இருக்கும், சட்டுனு நின்னா ரத்தம் கால்லயே தங்கி பிரஷர் எறங்கிரும், அதுக்குத்தான் நடக்கச் சொல்றது. இன்னொண்ணு, அளவுக்கு மீறி தண்ணி குடிச்சா ரத்தத்துல சோடியம்ங்கற உப்புச் சத்து கொறஞ்சுரும், ரொம்பக் கொறஞ்சா மூளை வீங்கி உசுருக்கே ஆபத்து. 2002ல பாஸ்டன் மாரத்தான்ல 488 பேரோட ரத்தத்த டெஸ்ட் பண்ணிருக்காங்க, அதுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் கொறஞ்சுதான் இருந்துச்சாம். அதுலயும் நாலு மணி நேரத்துக்கு மேல ஓடுனவங்களும், ஓடி முடிச்சப்ப எடை கூடிப் போனவங்களும்தான் அதிகமா மாட்டுனாங்களாம். வேகமா ஓடி ஜெயிக்கறவங்க இல்லீங்க, என்ன மாதிரி மெதுவா வர்றவங்கதான். உங்க கட்டுரைல “தண்ணி நிறைய குடியுங்கள்”னு கொட்டை எழுத்துல போட்டிருந்தீங்க. அது என் மனசுல முள்ளா குத்திட்டே இருக்குது. தாகம் எடுத்தா குடிங்கன்னு போட்டிருக்கணும்.

சாயங்காலம் ரயிலேறி ஒலவக்கோட்டுல எறங்குனோம். அந்த மேம்பாலப் படி ஏறறது கூட சமாளிச்சுட்டேன், எறங்கறப்பதான் தொடை கிழியற மாதிரி இருந்துச்சு. கம்பியப் புடிச்சுட்டு முன்னாடி பின்னாடியா திரும்பி, ஒவ்வொரு படியா பின்பக்கமா எறங்குனேன். ஊருக்கு வந்தா தெருவே வாசல்ல நிக்குது, பசங்க பட்டாசு வெடிக்கறாங்க, அத்தை ஆரத்தி கரைச்சு வெச்சிருக்காங்க. மாமா சந்தோஷத்துல கள்ளு வாங்கி வெச்சிருந்தாரு. எங்க சித்தூர் தாலுக்கா கள்ளுக்குப் பேர் போனது, விசேஷம்னா அது இல்லாம நடக்காது, தப்பா சொல்லல. ஆனா அன்னிக்கு இருந்த ஒடம்புக்கு அது வேண்டாம்னு சொல்லிட்டேன், மாமாவும் வற்புறுத்தல.

எங்க அமுச்சி ஒண்ணுமே பேசாம சுடுகஞ்சில கல்லுப்பு போட்டு, உப்பு மாங்கா ஒண்ண நசுக்கி வெச்சு குடுத்தாங்க. 80 வயசு தாண்டுனவங்க, மாரத்தான்னா என்னன்னே தெரியாது. என் மூஞ்சில காஞ்சு ஒட்டிருந்த உப்ப வெரலால தொடச்சு, “அறுப்புக்குப் போய்ட்டு வந்தாப்ல இருக்குதே கண்ணு”ன்னாங்க. மெடல் வாங்குறப்ப வராத அழுகை அப்ப வந்துச்சுங்க. வாழ்க்கைல அவ்வளவு ருசியா நான் எதையும் குடிச்சதில்ல.

ஒங்ககிட்ட கேக்கறது இதுதாங்க. மாரத்தான் பத்தி அடுத்த தடவ எழுதறப்ப முடிச்சதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னும் சேத்து எழுதுங்க, ஒரு டாக்டர்கிட்டயே கேட்டு எழுதுங்க. நடத்தறவங்களுக்கும் சொல்லுங்க, கடைசில வர்றவங்களுக்கும் உப்பு போட்ட டிரிங்க் மிச்சம் வெக்கச் சொல்லி. எங்க சொசைட்டிக்குப் பால் ஊத்த வர்ற ரெண்டு பொண்ணுங்க இந்த ஜனவரில மொதமொதலா ஹாஃப் மாரத்தான் ஓடப் போறாங்க. ஒங்க பத்திரிக்கை சொசைட்டி மேசை மேலதான் கெடக்கும், எல்லாரும் எடுத்துப் படிப்பாங்க. அவங்க கெளம்பறதுக்குள்ள வர்ற மாதிரி போட்டுருங்க.

ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.