டிஜிசிஏ-வுக்கு ஒரு திறந்த மடல்: பைலட்டோட தூக்கத்துல கை வைக்காதீங்க

விமானத்துறைக்கு விதி போடுற டிஜிசிஏ அதிகாரிகளுக்கும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் வணக்கம்.

என் தம்பி சின்ன ஊர்களுக்குப் போற ஏடிஆர்ங்கிற சின்ன ப்ரொபெல்லர் விமானத்துல ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட். கம்பெனி பேரச் சொன்னா அவன் வேலைக்கு உலை வச்ச மாதிரி ஆகிடும், அதனால சொல்லல.

2025 டிசம்பர் முதல் வாரம் நடந்தத நாடே பாத்துச்சு. பைலட்டோட வார ஓய்வு 36 மணி நேரத்துலேருந்து 48 ஆகணும், ராத்திரி லேண்டிங் ஆறுலேருந்து ரெண்டா குறையணும்னு நீங்க அறிவிச்சது 2024 ஜனவரியில. அந்த ஜூன்லயே வந்திருக்கணும், ஏர்லைன்காரங்க முடியாதுன்னதும் தள்ளி வச்சீங்க, பைலட் சங்கங்க டெல்லி ஹைகோர்ட்ல போராடின பிறகுதான் 2025 ஜூலையில கொஞ்சம் நவம்பர் 1ல மீதின்னு அமலுக்கு வந்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷ அவகாசம் சார் இது. அவ்வளவு டைம் இருந்தும் இண்டிகோ ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல ஃப்ளைட்ட கேன்சல் பண்ணுச்சு, ஜனங்க ஏர்போர்ட் தரையில படுத்துக் கெடந்தாங்க, உடனே நீங்க எடுத்த முடிவு என்னன்னா பைலட் எடுக்கிற லீவ வார ஓய்வுக் கணக்குல சேர்க்கக் கூடாதுங்கிற உத்தரவ வாபஸ் வாங்கினதும், ராத்திரி ட்யூட்டி விதியில அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரைக்கும் விலக்கு குடுத்ததும்தான். அப்புறமா 10 சதவீத ஃப்ளைட்ட குறைக்கச் சொன்னீங்களே, அதுதான் சரியான முடிவு, அத முதல்லயே செஞ்சிருக்கணும். ஆள் இல்லன்னா ஃப்ளைட்ட குறைக்கணும், இருக்கிற ஆளோட தூக்கத்த ஏன் குறைக்கிறீங்க?

மங்களூர் உங்களுக்கு மறந்திருக்காது. 2010 மே 22, துபாய்லேருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், விடிகாலை நேரம், 158 பேர் போயிட்டாங்க, எட்டுப் பேர்தான் பிழைச்சாங்க. கேப்டன் வர்ற வழியில ரொம்ப நேரம் தூங்கியிருக்கார், காக்பிட் சத்தத்தப் பதிவு பண்ற ரெக்கார்டர்ல குறட்டைச் சத்தமே பதிவாகியிருந்துச்சு, எழுந்த பிறகும் அந்தக் கலக்கம் போகாம, பக்கத்துல இருந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் லேண்ட் பண்ண வேணாம் மறுபடி மேல ஏறலாம்னு மூணு தடவ சொல்லியும் இறக்கப் பாத்திருக்கார். தூக்கக் கலக்கமும் ஒரு காரணம்னு விசாரணை அறிக்கையிலயே இருக்கு. அப்படிப்பட்ட அறிக்கைய கையில வச்சிருக்கிற நாடு, பைலட்டோட ராத்திரி ஓய்வ ஒரு சலுகை மாதிரி குடுத்துக் குடுத்துத் திரும்ப எடுக்கிறத என்னால ஏத்துக்கவே முடியல.

சின்ன ரூட்ல இன்னும் கஷ்டம். ஒரு மணி நேர ஃப்ளைட்தானேன்னு வெளிய இருக்கிறவங்க நினைப்பாங்க, ஆனா ஒரே ட்யூட்டியில நாலு, அஞ்சு தடவ ஏத்தி இறக்கணும், ஒவ்வொண்ணும் டேக் ஆஃப், லேண்டிங்னு கவனம் பிசகவே கூடாத வேலை, நடுவுல அரை மணி நேரம் கூட கிடைக்காது. தரையில நிக்கிறப்போ ஏசி ஓட உதவுற ஏபியூங்கிற சின்ன இன்ஜின் ஏடிஆர்ல கிடையாது, மத்தியான வெயில்ல காக்பிட் அனலா கொதிக்கும். தம்பிக்கு விடிகாலை மூணேகாலுக்கு கேப் வரும், அதுக்கு முந்தின ராத்திரி பத்தரைக்கு ரோஸ்டர் மாறிடுச்சுன்னு ஃபோன் அடிக்கும், அவன் எழுந்து அலாரத்த மாத்தி வச்சிட்டுப் படுப்பான், அப்புறம் எங்க தூக்கம் வரும். ஒரு தடவ களைப்புல பறக்க முடியலன்னு ஃபேட்டீக் ரிப்போர்ட் போட்டான், அத சிக் லீவுன்னு கழிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் அவன் ரிப்போர்ட்டே போடுறதில்ல.

பைலட்டே கிடைக்கலன்னு கம்பெனிங்க சொல்றதுலயும் பாதிதான் உண்மை. லட்சக்கணக்குல கடன் வாங்கி சிபிஎல்ங்கிற பைலட் லைசன்ஸ் முடிச்சிட்டு வேலைக்குக் காத்துக்கிட்டு இருக்கிற பசங்க எவ்வளவு பேர் இருக்காங்கன்னு அவன் கூடப் படிச்சவங்களக் கேட்டாலே தெரியும். 200 மணி நேரம் பறந்தா சிபிஎல் கிடைச்சிடும், கேப்டன் ஆகணும்னா அதுக்கு மேல ஏடிபிஎல்ங்கிற லைசன்ஸ் வேணும், அதுக்கு 1500 மணி நேரம் பறக்கணும், பல வருஷம் ஆகும். இப்ப புதுப் பசங்கள எடுத்துப் பழக்கினாதான் நாளைக்கு கேப்டன் கிடைப்பாங்க. அதுக்குச் செலவு பண்ண மனசு இல்லாம, ஏற்கெனவே வேலையில இருக்கிறவங்களயே பிழியிறாங்க. ஆளப் பிடிச்சு வைக்க உங்க 2017 விதி வேற இருக்கு, வேலைய விடணும்னா கேப்டன் ஒரு வருஷம், ஃபர்ஸ்ட் ஆபீசர் ஆறு மாசம் நோட்டீஸ் குடுக்கணும். எந்த வேலையில இப்படி இருக்கு? போகவும் விட மாட்டீங்க, தூங்கவும் விட மாட்டீங்கன்னா எப்படி?

உடான் திட்டம் வந்தது சின்ன ஊர்க்காரங்களும் பறக்கணும்னு, நல்ல திட்டம்தான். கோயம்புத்தூர்ல ஏர் கார்னிவல் ஒரு வருஷம் கூடத் தாங்கல, ட்ரூஜெட் 2022ல நின்னுச்சு, சின்ன கம்பெனிக்குக் கஷ்டம் இருக்குன்னு எங்களுக்கும் தெரியும். அதுக்காக அந்தக் கஷ்டத்த காக்பிட்ல இருக்கிற ரெண்டு பேர் தலையில கட்டாதீங்க.

இனிமே எந்த ஏர்லைனுக்கு விலக்கு குடுக்கிறதா இருந்தாலும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பைலட் சங்கங்கள உக்கார வச்சுப் பேசுங்க, என்ன காரணம், எத்தன நாளுக்குன்னு உங்க வெப்சைட்ல போடுங்க. கம்பெனிங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ உங்களுக்குத் தர வேண்டிய ஃபேட்டீக் ரிப்போர்ட்டுல எத்தன வந்துச்சு, எத்தனைய நிராகரிச்சாங்கன்னு பேர் இல்லாமலாவது வெளியிடுங்க. ஃபேட்டீக்னு சொன்னவன் லீவுல கை வைக்கிற கம்பெனிக்கு அபராதம் போடுங்க. நோட்டீஸ் காலத்த மூணு மாசமாக்குங்க.

இப்படிக்கு,
ஒரு பைலட்டோட அக்கா