பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் வாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி முதல் ஞாயிறு காலை 6.15 மணிக்குப் பாரூர் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறோம். இந்த முறை ஒவ்வொரு மாணவருடனும் வீட்டிலிருந்து ஒருவராவது வர வேண்டும். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, அத்தை, மாமா, யார் வந்தாலும் சரி. தனியாக வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அங்கிருந்தே நான் போன் செய்வேன், சொல்லிவிட்டேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். போன ஆண்டு மாணவர்களை மட்டும் அழைத்துப் போனோம். ஆர்வமாகத்தான் வந்தார்கள், ஆர்வமாகத்தான் வீட்டுக்கும் போனார்கள். வீட்டில் பலருக்கும் கிடைத்த முதல் கேள்வி, "காக்கா குருவியைப் பார்க்கவா விடியற்காலையில் எழுந்து போனாய்?" என்பது. அடுத்த முறை பெயர் கொடுத்தவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். வீட்டில் மதிப்பில்லாத ஒன்றைப் பள்ளிக்கூடம் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் அது நிற்காது. உங்களை அழைப்பதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், உங்களில் பலருக்கு எங்களைவிட அதிகம் தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு தாத்தா, சுவரில் நாங்கள் ஒட்டியிருந்த ஆள்காட்டிக் குருவியின் படத்தைப் பார்த்துவிட்டு, அது கூடு கட்டாது, உழுது போட்ட நிலத்தில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டை வைக்கும் என்றார். முட்டையும் கல்லின் நிறத்திலேயே புள்ளி போட்டு இருக்குமாம். கிட்டத்தில் நின்றாலும் கண்ணில் படாதாம். ஏர் ஓட்டும்போது தாய்க்குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் மாட்டை நிறுத்திவிட்டுக் கீழே பார்ப்பார்களாம். அந்த இடத்தைச் சுற்றி உழுதுவிட்டுப் போவார்களாம். இதையெல்லாம் எங்கள் அறிவியல் ஆசிரியை படத்தை வைத்துத்தான் சொல்லித்தர முடியும். அந்தத் தாத்தாவுக்குக் கையால் காட்டத் தெரியும். அவர் இந்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது ஏரியைப் பற்றி. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் கால்வாய் வழியாகப் பாரூர் ஏரிக்கு வருகிறது என்பது பாசனக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏரி தளும்பினால்தான் பறவை அதிகம் வரும் என்று பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் ஆழமான தண்ணீர் எல்லாப் பறவைக்கும் உதவாது. ஏரி நிறைந்திருக்கும்போது நீந்துகிறவையும் முங்குகிறவையும்தான் இருக்கும்: முக்குளிப்பான், நாமக்கோழி, சிறு நீர்க்காகம், நடு ஏரியில் வாத்துகள். காலை ஊன்றி நின்று மேய்கிற நாரைக்கும் கொக்குக்கும் முழங்கால் அளவுத் தண்ணீர் வேண்டும். உள்ளான் என்ற கரைப் பறவைக்குச் சேறு வேண்டும். ஆகவே தை, மாசியில் தண்ணீர் வற்றி ஓரம் தெரியத் தொடங்கும்போதுதான் கூட்டம் சேரும். நத்தைகுத்தி நாரையை அப்போது பாருங்கள். அலகின் இரண்டு பாதியும் நுனியில் சேர்ந்து நடுவில் இடைவெளி விட்டிருக்கும். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி, நத்தையை எடுத்து, ஓட்டை விட்டுவிட்டுச் சதையை மட்டும் உருவி விழுங்கிவிடும். கரையோரம் கிடக்கும் காலி ஓடுகளைப் பிள்ளைகள் பொறுக்கி வருகிறார்களே, அவற்றில் பல அதன் வேலை.

அதே ஏரியை ஐப்பசியில் ஒருமுறையும் மாசியில் ஒருமுறையும் பார்க்க வேண்டும் என்று திட்டம் போட்டிருப்பது இதனால்தான். இரண்டில் ஒன்றுக்குத்தான் வர முடியும் என்பவர்கள் மாசிக்கு வாருங்கள்.

ஐப்பசிக்கு வேறு சிறப்பு இருக்கிறது. வடக்கேயிருந்து வருகிற பறவைகள் நம் பக்கம் இறங்கும் நேரம் அது. மத்திய ஆசியா, சைபீரியா வரையிலிருந்து வருகிற வாத்து வகைகள் உண்டு; நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் அப்படிப்பட்டவை. ஆனால் வாத்தைத் தேடி ஏரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நம் விளையாட்டு மைதானத்திலேயே வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடுகிற சாம்பல் நிறச் சின்னப் பறவை வாலாட்டி. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்களும் குளிருக்கு நம் ஊர் தேடி வந்தவைதான். பங்குனிக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். விருந்தாளி வந்திருப்பதே தெரியாமல் நாம் பிரேயர் நடத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

பொங்கல் விடுமுறையில் பள்ளியாக எங்கும் போகப் போவதில்லை. அவரவர் வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. 2015 முதல் தமிழ்நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். களத்துமேட்டிலோ கிணற்றடியிலோ மொட்டை மாடியிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் எழுதி, இ-பேர்டு என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். பதிவதைக் கணினி ஆசிரியர் பார்த்துக்கொள்வார். தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: உறுதியாகத் தெரியாத பறவையை எழுத வேண்டாம். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் அடிக்கும்போது ஐந்து மைனாவையும் இரண்டு கரிச்சானையும் பார்த்து எழுதினால் அது நல்ல கணக்கு. கழுகைப் பார்த்தேன், ராஜாளியைப் பார்த்தேன் என்று ஆசிரியையை மகிழ்விக்க எழுதுவது கணக்கே அல்ல.

கோடை விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலையில் மாந்தோப்பு. தோப்புக்காரர்களிடம் முன்பே கேட்டு, மருந்து அடிக்காத நாளாகப் பார்த்துப் போவோம். கருப்புக் குயில் ஆண், உடம்பெல்லாம் புள்ளியுள்ள பழுப்புக் குயில் பெண். இரண்டையும் வெவ்வேறு பறவை என்றே பல மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் குயில் காக்கைக் கூட்டை நோட்டம் விடுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். முதல் கோடை மழை பெய்த பிறகு ஓர் இரவு மைதானத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கு போட்டு, அதில் வந்து உட்காரும் அந்துப்பூச்சி, வண்டுகளைப் பார்க்கவும் எண்ணம் இருக்கிறது. பழைய வேட்டி யாரிடமாவது இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.

எனக்குப் பிடித்தது ஆடி, ஆவணிதான். கிணற்றை ஒட்டிய ஈச்ச மரத்திலும் பனையிலும் தூக்கணாங்குருவி கூடு கட்டும் காலம். கட்டுவது ஆண். புல்லையும் ஓலையையும் நீளமாகக் கிழித்து வந்து முடிச்சுப் போட்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பின்னும். கூடு பாதி வரை வந்ததும் நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கத்தும். பெண்கள் வந்து உள்ளே நுழைந்து, இழுத்துப் பார்த்துவிட்டுப் போகும். பிடித்தால்தான் மீதிப் பாதி, பிடிக்காவிட்டால் கூடு அப்படியே பாதியில் தொங்கும். ஜோடி சேர்ந்து கூடு முடிந்ததும் நம் ஆள் அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடுவான், அடுத்த பெண்ணுக்காக. குஞ்சு வளர்ப்பதெல்லாம் பெரும்பாலும் தாயின் பாடு. இதைக் கேட்டு அம்மாக்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். கூட்டின் உட்சுவரில் ஈரக் களிமண்ணை அப்பி வைத்திருப்பதையும் பார்க்கலாம்.

குஞ்சு பறந்துபோன கூடுதானே என்று அறுத்துக்கொண்டு வந்து வகுப்பில் வைப்பதை இனி நிறுத்துகிறோம். பழைய கூட்டில் சில்லை என்ற சின்னக் குருவிகள் வந்து தங்கும். வரவேற்பறையில் அலங்காரமாகத் தொங்கவிட்டிருப்பவர்களும் யோசியுங்கள்.

இதை ஒட்டி ஒன்று. கூண்டில் பச்சைக்கிளி வைத்திருப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உணர்ச்சிவசப்பட்டுக் கூண்டைத் திறந்துவிடாதீர்கள்; இறகு வெட்டிய கிளியை நாயும் பூனையும் விடாது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கௌதாரிக்கும் காடைக்கும் யார் வீட்டில் வலை இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. வலை போட்டவருக்குத்தான் கௌதாரி எந்த வரப்பில் படுக்கும் என்று தெரியும். அவர் வலையை விட்டுவிட்டு எங்களோடு வந்தால் முன்னால் நடக்கச் சொல்லி, நாங்கள் பின்னால் வருவோம்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு அழைத்துப் போகக் கூடாதா என்று சிலர் கேட்டார்கள். போக மாட்டோம். 2014-இல் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி அந்தப் பக்கம் இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. அதோடு ராகி முற்றுகிற மாதங்களில் கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் இறங்குகின்றன. அப்போது அங்கே விடியற்காலையில் பிள்ளைகளோடு நடப்பது வீரமல்ல.

நம் ஏரியிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. வண்டல் மண் எடுத்த குழிகள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும். மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் போலத்தான் தெரியும். யாரும், நீச்சல் தெரிந்தவர் உட்பட, தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையில் முள்ளும் பாம்பும் உண்டு, மூடிய செருப்பு அல்லது ஷூ போட்டு வாருங்கள். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடை வேண்டாம். செல்போனில் பறவைக் குரலை ஓடவிட்டு நிஜப் பறவையை ஏமாற்றி வரவழைக்க வேண்டாம். கூட்டுக்குப் பக்கத்தில் போய் செல்ஃபி எடுப்பவர்களை நான் பெயர் சொல்லித்தான் அதட்டுவேன், பெற்றோராக இருந்தாலும்.

காலையில் பால் சொசைட்டிக்குப் போக வேண்டியவர்களும் பூப்பறிக்கிறவர்களும் உண்டு என்பது தெரியும். அவர்களுக்காக அதே ஞாயிறு மாலை 4.30 முதல் 6 மணி வரை இன்னொரு நடை. பர்கூர் பக்கம் கம்பெனிக்குப் போகும் அம்மாக்களும் ஞாயிறு மாலை வரலாம்.

நவம்பர் 12 பறவையியலாளர் சாலிம் அலி பிறந்த நாள். 1896-இல் பிறந்தவர். அதற்கு அடுத்து வரும் ஞாயிறு பெரியவர்களுக்கு மட்டுமான நடை. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பிள்ளையோடு வரும் அப்பாக்கள் "ஓடாதே, அதைத் தொடாதே" என்பதிலேயே காலையைக் கழித்துவிடுகிறார்கள். ஒரு பறவையும் பார்ப்பதில்லை. ஒரு நாள் நீங்களே பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பெற்றோருக்கு: இது கட்டாயமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் நடந்தால் படிப்பு கெட்டுவிடும் என்று நான் நம்பவில்லை, ஆனாலும் முடிவு உங்களுடையது. மதிப்பெண் கிடையாது, சான்றிதழும் கிடையாது. சான்றிதழ் கேட்டு ஏற்கெனவே இரண்டு விண்ணப்பங்கள் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

கட்டணம் இல்லை. பள்ளியில் பைனாகுலர் நான்குதான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். கீழே உள்ள சீட்டில் யார் வருகிறார்கள், காலையா மாலையா என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். மழை பெய்தால் அடுத்த ஞாயிறு. நடை முடிந்ததும் பள்ளியில் சுண்டலும் தேநீரும் உண்டு. டம்ளர் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள், பேப்பர் கப் வாங்கப் போவதில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியை