விண்டோஸ் 11: எடுத்துவிட்ட வழியைத் திரும்பக் கொடுங்கள்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் பிரிவினருக்கு,

வணக்கம்.

தகுதிப் பட்டியலில் இல்லாத கணினியில் விண்டோஸ் 11 ஏற்ற நீங்களே ஒரு வழி சொல்லியிருந்தீர்கள். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் 'மோசெட்டப்' என்ற இடத்தில் ஒரு டிவேர்டு (எண் பதிவு) உருவாக்கி அதன் மதிப்பை 1 என்று வைத்தால், ப்ராசஸர் பட்டியலில் இல்லாவிட்டாலும், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் 2.0 இல்லாமல் 1.2 இருந்தாலே செட்டப் மேலே போகும். 2025 தொடக்கத்தில் அந்தக் குறிப்பை உங்கள் உதவிப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவையும் முடித்தீர்கள். நடுவில் மாட்டிக்கொண்ட கணினிகளை வைத்துப் பிழைப்பவர்களுக்காகவும், அவற்றைச் சர்வீஸ் செய்பவர்களுக்காகவும் கேட்கிறேன். அந்த வழியை அதிகாரபூர்வமாகத் திரும்பக் கொடுங்கள். அப்படி ஏற்றிய கணினிக்கும் ஆண்டுப் பதிப்புகளை விண்டோஸ் அப்டேட் வழியாகவே அனுப்புங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் செகண்ட்ஸில் வாங்கி டிடிபி கடையிலும் கணக்கு எழுதும் இடத்திலும் ஓடுகிற, இன்டெல் ஐ5-6500 ப்ராசஸர் போட்ட கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ். 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் போட்டுவிட்டால் விண்டோஸ் 11 தாராளமாக ஓடுகிறது. பல போர்டுகளில் பயாஸுக்குள் போய் பிடிடி-யை (இன்டெல் தரும் உள்ளமைந்த டிபிஎம்) ஆன் செய்தால் டிபிஎம் 2.0-உம் கிடைத்துவிடுகிறது. ஆனாலும் இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ப்ராசஸர் என்பதால் செட்டப் மறுக்கிறது. இரண்டே கோரும் 1.1 கிகாஹெர்ட்ஸும் கொண்ட செலரான் என்4020 ப்ராசஸரோ உங்கள் பட்டியலில் இருக்கிறது.

கெர்னல் பாதுகாப்புதான் காரணம் என்பது தெரியும். கெர்னலுக்குள் (விண்டோஸின் மையப் பகுதி) கெட்ட நிரல் நுழையாமல் தடுக்கும் மெமரி இன்டெக்ரிட்டி வேகமாக ஓட உதவும் எம்பிஇசி என்ற வசதி ஆறாம் தலைமுறைச் சில்லில் இல்லை. மென்பொருள் அதை ஈடுகட்டும்போது வேகம் குறைகிறது. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஏழாம் தலைமுறையில் அந்த வசதி இருக்கிறதே! 2021 ஆகஸ்டில் உங்கள் சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியில் இருக்கும் ஏழாம் தலைமுறை ஐ7-7820ஹெச்க்யூ-வுக்குக் கதவைத் திறந்தீர்கள். நவீன டிரைவர்களோடு வந்த கணினிகளுக்கு மட்டும் என்றீர்கள். டிரைவர் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய பொருள். அதே தலைமுறையின் ஐ5-7500 இன்னும் வெளியே நிற்கிறது.

முதல் தடவை ஏற்றுவது பெரிய வேலையே இல்லை. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் விண்டோஸ் ஏற்றும் யுஎஸ்பி தயாரிக்கும்போது ஒரு டிக் போட்டால் டிபிஎம் சோதனையும், செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் பூட் ஆக விடும் வசதி) சோதனையும் போய்விடும். பாடு அடுத்த பதிப்பில்தான். ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு 23ஹெச்2 என்ற 2023-ஆம் ஆண்டுப் பதிப்பின் ஆதரவு 2025 நவம்பர் 11-இல் முடிந்தது. தகுதியுள்ள கணினிக்குப் புதிய பதிப்பு தானாக வந்துவிடும். இந்தக் கணினிக்கு வராது; அத்தோடு மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். ஆகவே யாராவது ஐஎஸ்ஓ-வை (முழு விண்டோஸும் அடங்கிய ஃபைல்) இறக்கி, கமாண்ட் பிராம்ப்டில் செட்டப்புக்குப் பின்னால் 'ப்ராடக்ட் சர்வர்' என்ற ஸ்விட்ச் கொடுத்து ஓட்ட வேண்டும். திரையில் 'விண்டோஸ் சர்வர்' என்று எழுத்து வரும், கடைக்காரர் பதறுவார். ஏற்கெனவே இருப்பது பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்து, இறக்கியது அமெரிக்க ஆங்கில ஐஎஸ்ஓ என்றால், ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள்ளும் தேர்வு மங்கிக் கிடக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்து, அடுத்து என்று தட்டினால் பேஜ்மேக்கர், பழைய தமிழ் எழுத்துருக்கள், டேலி எல்லாம் திரும்ப ஏற்றியாக வேண்டும். லினக்ஸுக்கு மாறச் சொல்பவர்களும் இந்த மூன்றுக்கு என்ன வழி என்று சொல்வதில்லை.

செக்யூர் பூட்டை ஆன் செய்யுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறீர்கள். அதற்குக் கணினி யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆக வேண்டும்; இந்த டிஸ்க்குகளோ எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கின்றன. அப்படியே யுஇஎஃப்ஐ-க்கு மாற்றினால் பூட் ஆகாது. அதை மாற்றித்தரும் உங்கள் எம்பிஆர்2ஜிபிடி கருவி, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (உள்ளே பல டிரைவுகளை வைக்கும் பிரிவு) இருந்தால் மறுத்துவிடும். சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது இங்கே கடைகளின் பழக்கம். டி-யும் இ-யும் பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கும். எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, அழித்து, பிறகு மாற்ற வேண்டும்.

இந்தத் தொல்லை தாங்காதவர்கள் டெலிகிராமில் யாரோ வெட்டி ஒட்டிய ஐஎஸ்ஓ-வை ஏற்றிக்கொள்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பாதுகாப்புக்கென்று வைத்த விதி எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள். இதற்கிடையில், நெட் இல்லாமல் லோக்கல் கணக்கில் செட்டப் முடிக்கும் 'பைபாஸ்என்ஆர்ஓ'-வையும் நீக்கத் தொடங்கினீர்கள். 2026 அக்டோபர் 13 வரை என்று விண்டோஸ் 10-க்குக் கொடுத்த நீட்டிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்டீர்கள். காசு கொடுத்து வாங்கிய கணினியில் எதற்குத்தான் உரிமையாளரைக் கேட்பீர்கள்?

கோபத்தில் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோர் 2 டியோவுக்கெல்லாம் கேட்கவில்லை. 24ஹெச்2-க்கு வேண்டிய எஸ்எஸ்இ4.2 என்ற ப்ராசஸர் கட்டளைகள் அதில் இல்லை, ஓடாது. ஓடும் என்று தெரிந்த கணினிகளுக்கு மட்டும் கேட்கிறோம். செட்டப்பிலேயே ஒரு டிக் பெட்டி வையுங்கள். என்ன பாதுகாப்பு குறையும் என்று தமிழிலும் எழுதி, உரிமையாளரின் சம்மதம் வாங்குங்கள். அதன்பின் மற்ற கணினிகளுக்குப் போகும் அதே அப்டேட்டை இதற்கும் அனுப்புங்கள். இதைச் செய்ய இயலாது என்றால், எந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் இயலாது என்பதையாவது தலைமுறை வாரியாக எழுதி வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய கணினிகளைச் சர்வீஸ் செய்பவர்களில் ஒருவர்