சுடுதண்ணி வைத்துத் தந்த அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

காரைநகர் கோவளம் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

சித்திரை விடுமுறையில் கசூரினாக் கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கிய ஐந்து பேரில், திருக்கை குத்திக் கத்தினவன் நான்தான். இப்போது பிடி இல்லாமல் நடக்கிறேன். அன்று ஓடிவந்த ஒருவருடைய பெயரையும் கேட்டு வைக்கவில்லை. அதனால்தான் எல்லோருக்குமாக இந்த மடல்.

அங்கே கடல் அமைதியானது, கனதூரம் போனாலும் ஆழம் குறைவு. அந்தத் தைரியத்தில் பொழுதுபடும் நேரம் இறங்கி, மணலுக்குள் புதைந்து கிடந்த திருக்கையை மிதித்துவிட்டேன். கணுக்காலுக்கு மேலே ஆணி அடித்த மாதிரி ஒரு குத்து. கரைக்கு வருவதற்குள் நோ தொடைவரை ஏறிவிட்டது. நண்பர்கள் ஐஸ் தேடி ஓடினார்கள்.

வலை பார்த்துக்கொண்டிருந்த ஐயா காயத்தைக் கண்டதும், "ஐஸ் வேண்டாம் தம்பி, சுடுதண்ணி வேணும்" என்றார். தோளில் கிடந்த சாரத்தால் இரத்தத்தை அழுத்திப் பிடித்தபடியே வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

அக்கா, தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலோடு வந்தீர்கள். வாளியில் ஊற்றி, பச்சைத்தண்ணி கலந்து, முதலில் உங்கள் கையை விட்டுப் பார்த்தீர்கள். "இவருக்கு இப்ப சூடு தெரியாது, கால் அவிஞ்சுபோகும்" என்று என் நண்பனிடம் சொன்னீர்கள். ஆற ஆற ஊற்றினீர்கள். ஒவ்வொரு தரமும் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் என் காலை வைக்க விட்டீர்கள். அரை மணி நேரத்தில் என்னால் பேச முடிந்தது. ரோச் வெளிச்சத்தில் பார்த்தேன், உங்கள் கை மணிக்கட்டுவரை சிவந்திருந்தது. திருக்கை நஞ்சு சூட்டில் வலுவிழக்கும், 45 பாகையைத் தாண்டாத சூட்டில் 30 முதல் 90 நிமிடம் காலை வைத்திருக்க வேண்டும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். நீங்கள் கையால் அளந்து செய்ததும் அதுதான்.

1990 ஆம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தபோது வழி சொல்லிவிட்டு, ரோட்டு முடக்கில் ரோச் அடித்துக்கொண்டு நின்ற தம்பிக்கும் நன்றி. 2018இல் வடக்குக்கு வந்த இலவச சேவை அது. ஒரு சதம் கேட்கவில்லை. பொன்னாலைத் தாம்போதியில் இரண்டு பக்கமும் இருட்டு. "விரலை அசையுங்கோ, எங்க பார்ப்பம்" என்று கடைசிவரை பேச்சுக் கொடுத்தபடி வந்த அந்த உத்தியோகத்தரின் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் முள்ளின் துண்டு ஒன்று உள்ளே தெரிந்தது. அதை எடுத்து, ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு, நாள்தோறும் மருந்து கட்டிய வைத்தியர்களையும் தாதியரையும் மறக்கமாட்டேன். அப்புறம், விடியற்காலை அழுதுகொண்டு வந்த அம்மாவை இருத்தித் தேத்தண்ணி கொடுத்த பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி. அம்மா இன்றும் அவரைத்தான் முதலில் சொல்வார்.

ஐயா, கடலில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் அரைத்து அரைத்து நடந்தால் திருக்கை விலகிப்போகும் என்று அன்று சொன்னீர்கள். நண்பர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அக்கா என் பக்கத்தில் வைத்துவிட்ட சிவப்புப் பிளாஸ்க் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஐயாவின் சாரத்தை அம்மா இரண்டு தரம் தோய்த்தும் கறை போகவில்லை. புதுச் சாரம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறார். வருகிற ஞாயிறு காலை நாங்கள் இருவரும் வருகிறோம். வீடு தெரியாது, தம்பி ரோச்சோடு நின்ற அதே முடக்கில் நிற்போம்.